பாவித்த சைக்கிள் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கிறது உடையார்கட்டு. இங்கு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் தாய்க்கும் சைக்கிள்தான் கைகொடுக்கிறது. வன்னிப் பெண்ணுக்கு அது புதிய பொருள் அல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் நோயாளியையும் விறகையும் நெல்மூட்டையையும் சுமந்தது சைக்கிள்தான். வானொலி கேட்பதற்கும் அதன் டைனமோவைத்தான் சுற்றினார்கள். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது நாடு முழுவதுமே சைக்கிளைத் தேடியது. புதியவற்றின் விலை பலருக்கு எட்டாமற் போனது. பாவித்த சைக்கிளை வாங்கி ஓடும் குடும்பங்கள் நம்மிடையே பல.

பாவித்ததை வாங்குவதில் குறைவில்லை. வாங்கிய அன்றே பிள்ளையிடம் கொடுத்துப் பெருவீதிக்கு அனுப்புவதுதான் ஆபத்து. பஸ்ஸும் டிப்பரும் ஓடும் வீதியில் பிறேக் பிடிக்காத ஒரு கணம் போதும். வீட்டில் ஆண் துணை இல்லையே என்று சகோதரிகள் தயங்க வேண்டியதில்லை. கண்ணும் கையும் ஒரு பழந்துணியும் பிள்ளையின் அடிமட்டமும் இருந்தால் நீங்களே சோதிக்கலாம்.

சட்டம்

முதலில் அழுக்கையும் எண்ணெயையும் துடையுங்கள். குழாய்கள் பொருந்தும் இடங்களிலும், முன்சில்லைத் தாங்கும் கவர் தொடங்கும் இடத்திலும் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பெயின்ற் சுருங்கியிருந்தால் சைக்கிள் எங்கோ மோதியிருக்கலாம். வெயிலிலும் மழையிலும் கிடந்த சைக்கிளின் துருவையும் புதுப் பெயின்ற் மறைத்துவிடும். வெடித்த சட்டத்தை ஒட்டுப்போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பிறேக்

முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். முன்சில்லு உருளக்கூடாது. பின்பிறேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சில்லு உருளாமல் நிலத்தில் இழுபட வேண்டும். பிறேக் கட்டை றிம்மில் மட்டும் பட வேண்டும். ரயரில் உரசினால் ரயர் கிழியும். கேபிள் நூல்நூலாகப் பிரிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். இரும்பு றிம் நனைந்தால் பிறேக் மெதுவாகவே பிடிக்கும். ஆகவே மாரிகாலத்தில் முன்கூட்டியே பிறேக் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

முன்பிறேக்கைப் பிடித்தபடியே சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தும் பாருங்கள். கைபிடியின் கீழே 'டக்' என்று ஆடினால் அந்த இடம் தளர்ந்துள்ளது.

சில்லும் ரயரும்

சைக்கிளைக் கவிழ்த்துச் சில்லைச் சுற்றுங்கள். றிம்முக்கும் பிறேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் சில்லு நெளிந்திருக்கிறது. கம்பிகளை இரண்டிரண்டாக அழுத்திப் பாருங்கள், தளர்ந்தது கையில் தெரியும். சில்லின் நட்டுகள் இறுகியிருக்க வேண்டும். ரயரில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலும், உள்நூல் தெரிந்தாலும் அதை மாற்ற வேண்டும்.

செயினும் பெடலும்

செயினின் ஓர் ஆணியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வையுங்கள். அதற்கு அடுத்து வரும் 24 ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 3 மில்லிமீற்றர் தள்ளி நின்றால் செயின் தேய்ந்துவிட்டது. அது ஏற்றத்தில் வழுக்கி ஆளை விழுத்தும். பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. சீலைத் தலைப்பும் சோலும் செயினில் சிக்கும் என்பதால் செயின் கவரைக் கழற்றிவிடாதீர்கள்.

ஓடுபவரின் அளவு

'வளர்ந்தால் சரியாகும்' என்று பெரிய சைக்கிளைக் கொடுப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பிள்ளை சீற்றில் இருந்து, கீழே உள்ள பெடலில் குதிக்காலை வைத்தால் கால் ஏறத்தாழ நேராக நிற்க வேண்டும். சீற்றை எவ்வளவு பதித்தும் கால் எட்டாவிட்டால் அந்தச் சைக்கிள் இப்போதைக்கு அவளுக்குரியது அல்ல. மாலையில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைக்கு முன்விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிதெறிப்பானும் அவசியம்.

விற்றவரிடம் சட்ட இலக்கம் குறித்த சிட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். களவுச் சைக்கிள் என்ற வீண் பழியிலிருந்து அது காப்பாற்றும். குறைகளைத் தாளில் எழுதிக்கொண்டு திருத்தும் கடைக்குப் போனால் தேவையற்ற செலவும் வராது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பணம் இல்லாவிட்டால் பிறேக்கை முதலில் திருத்துங்கள். அது சரியாகும்வரை பிள்ளை ஒரு நாள் நடந்து போனாலும் பரவாயில்லை.