சீட்டில் இல்லாத ஹார்மோன்

‘குழந்தைக்காகப் போட்ட ஊசியால்தான் ஏழாம் மாதம் பிரஷர் ஏறியதா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மருந்துச் சீட்டில் இருந்ததைவிட, அதில் இல்லாத ஒன்றைத்தான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் அதிகம் சந்தேகிக்கிறார்கள்.

முட்டை வெளியேறியதும் சினைப்பையில் மிஞ்சும் கூடு, கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோனோடு ரிலாக்சின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. 1926இல் கினிப்பன்றியின் இடுப்பெலும்பு இணைப்பு தளர்வதைக் கவனித்து பிரெடெரிக் ஹிசா ரிலாக்சினை அடையாளம் கண்டார். வரலாறு இவ்வளவு போதும்.

சுவாரசியமான இடம் ரத்தக்குழாய். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அந்த வெள்ளம் வருமுன்பே குழாய்கள் இளக வேண்டும். ரிலாக்சின் குழாயின் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்ட, சுவர்த் தசை தளர்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. எலிகளில் இது தெளிவாகவே தெரிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து இறங்கும் அத்தையின் வேலை இது: பந்தல்காலைத் தள்ளி நடச் சொல்லி, பக்கத்து வீட்டுத் திண்ணையையும் இரவல் வாங்கிவிடுவார். சாப்பாட்டை கேட்டரிங்கில் சொல்லலாம். அத்தையைச் சொல்ல முடியுமா? ஒன்பதாம் வார வாக்கில் நஞ்சுக்கொடி சமையற்கட்டை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அத்தை வராத வீட்டில் அதற்குள் பந்தல் நெருக்கமாகவே நடப்பட்டிருக்கும்.

உறையவைத்த கருவைக் கருப்பையில் வைக்கும் ஒரு முறையில் முட்டை வெளியேறவே விடாமல், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வெளியிலிருந்து தருகிறார்கள். கேட்டரிங் உண்டு, அத்தை இல்லை. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இம்முறையில் கருவுற்றவர்களில் 12.8 சதவீதம் பேருக்கு பிரீஎக்லாம்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்தது. இயற்கைச் சுழற்சியை ஒட்டி வைத்தவர்களில் 3.9 சதவீதம். மறுகோடியும் உண்டு: முட்டைகளைத் தூண்டும்போது ஈஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் மிக உயர்ந்து, அதே மாதத்தில் கரு வைத்தவர்களிடமும் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

அதற்காக ‘ரிலாக்சின் ஊசி’ விளம்பரம் வந்தால் நம்பிவிடாதீர்கள். இந்த வித்தியாசத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்: மாதவிடாய் ஒழுங்கற்ற பெண்களுக்கே ஹார்மோனை வெளியிலிருந்து தரும் முறை அதிகம் கையாளப்படுகிறது. அவர்களில் பலருக்கு உடல்நிலையே ஓர் ஆபத்துக் காரணி. இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த செயற்கை ரிலாக்சினும் பெரிய பரிசோதனையில் தோற்றது.

எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கரு கலையக்கூடும். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், கரு வைக்குமுன்பே ‘இயற்கைச் சுழற்சியில் வைக்கலாமா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கருவுற்றவர்கள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தமக்குத் தேவையா என்பதை 16ஆம் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள்.