முன்றிலில் நிற்கும் தொட்டிகள்

குப்பை என்னும் சொல் பண்டைத் தமிழில் இழிந்த பொருளைக் குறித்ததன்று. குவித்து வைக்கப்பட்டது எதுவோ அதுவே குப்பை. களத்தில் குவிந்த நெல்லும் நெற்குப்பை எனப்பட்டது. காலம் செல்லச் செல்ல, வேண்டாவென்று ஒதுக்கிக் குவித்ததற்கே அப்பெயர் உரியதாயிற்று. முன்றில் என்பதும் ஆராயத்தக்க ஒரு சொல். இல்லின் முன்னிடமாதலின் இல்முன் என்றிருக்க வேண்டுவது, முன்பின்னாக மாறி முன்றில் என நின்றது. இதனை இலக்கண நூலார் இலக்கணப் போலி என்பர். இவ்விரு சொற்களுக்கும் உரிய பொருள்கள் இன்று ஓரிடத்தில் வந்து நெருங்கி நிற்கும் நாடு ஒன்று உண்டு. அஃது இங்கிலாந்து.

அந்நாட்டின் நகரங்களில், தோளோடு தோள் சேர்ந்தாற்போல் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் மிகப் பல. அவற்றின் முன்னே சிறியதொரு பூந்தோட்டமோ, சில அடி அகலமுள்ள முற்றமோ இருக்கும். சிலவற்றிற்கு அதுவும் இல்லை. அம்முன்றிலில் கறுப்பும் பச்சையும் நீலமும் பழுப்புமாகப் பல நிறத் தொட்டிகள் நிற்கின்றன. முன்றில் இல்லாத வீட்டாரின் தொட்டிகள் நடைபாதையிலேயே நிற்கின்றன. ரோஜாச் செடி நின்ற இடத்தைத் தொட்டி பற்றிக்கொண்டது என்று அந்நாட்டார் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். உள்ளாட்சித் துறை அமைச்சராயிருந்த எரிக் பிக்கிள்ஸ் 2013-ஆம் ஆண்டில் இம்முறையீட்டைத் தாமே எடுத்துப் பேசினார். தூய்மைக்கெனப் பிறந்த கலம் தெருவின் அழகைக் கெடுக்கும் பொருளாக மாறியது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தொட்டியின் வரலாற்றை நோக்குவோம். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தின் இல்லந்தோறும் நிலக்கரி எரிந்தது. ஆதலின் வீட்டுக் குப்பையிற் பெரும்பகுதி சாம்பலும் கரித்தூளுமேயாம். தூசித் தொட்டி என்று பொருள்படும் டஸ்ட்பின் என்னும் பெயரே இதற்குச் சான்று. அச்சாம்பலுக்கு விலையும் இருந்தது; செங்கல் செய்வோர் அதனை வாங்கினர். குப்பைமேடு ஒருவனைச் செல்வனாக்கியமையைச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1864, 1865-ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘அவர் மியூச்சுவல் பிரண்ட்’ என்னும் நாவலின் கதைக்கே அடிப்படையாகக் கொண்டார். வடபாலுள்ள தொழில் நகரங்களில் வீட்டின் பின்கட்டில் சாம்பற்குழி இருந்தது. பின்சந்து வழியாக வந்து அதனை வாரிச் சென்றனர். 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் பணியை உள்ளூர் ஆட்சி மன்றங்களின் கையில் வைத்தது. நாளடைவில் குழி போய், எடுத்துச் செல்லத்தக்க இரும்புத் தொட்டி வந்தது.

இதே காலத்தில் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராயிருந்த ஒழேன் பூபெல் என்பவர், வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள கலங்களை அமைத்துத் தரல் வேண்டும் என்று 1883-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்திற்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பியோடு ஆகியவற்றிற்கு ஒன்று என மூன்றாகப் பிரித்திடவும் அவர் விதித்தார். தரம் பிரித்தல் நம் காலத்துப் புதுமையன்று என்பது இதனால் விளங்கும். அவர் பெயரே பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயராக இன்றும் வழங்குகின்றது. ஊரைத் தூய்மைப்படுத்தியவருக்கு ஊரார் அளித்த கைம்மாறு இது!

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனைக் கவிந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கொண்டது. அதன் பயனாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கரியடுப்புகள் குறையவே சாம்பலும் குறைந்தது. ஆனால் தொட்டி வெறுமையாகவில்லை. அட்டைப் பெட்டி, தகரக் குவளை, பிளாஸ்டிக் உறை ஆகியவை சாம்பலின் இடத்தை நிரப்பின. இவற்றிற்கு எடை குறைவு, பரிமாணமோ பெரிது. முன்பு அடுப்பிலிட்டு எரிக்கப்பட்ட காகிதமும் இப்பொழுது தொட்டியையே நாடிற்று. ஆகவே சிறிய தொட்டி போதாதாயிற்று.

இந்நிலையில் தோன்றியதே சக்கரத் தொட்டி. ஸ்லவ் என்னும் ஊரிலிருந்த பிராங்க் ரோதர்ஹாம் மோல்டிங்ஸ் என்னும் தொழிற்சாலையில் இது 1968-ஆம் ஆண்டு உருவாயிற்று என்பர். 1980-க்குப் பின்னர் இது வீடுகளுக்குப் பரவலாயிற்று. இதன் அமைப்பு எளிது. அடியில் இரு சக்கரம். மேலே கைப்பிடியும் கீலிட்ட மூடியும். முன்புறம் தடித்த விளிம்பு. லாரியின் பின்னுள்ள சீப்புப் போன்ற கருவி அவ்விளிம்பைப் பற்றித் தூக்கிக் கவிழ்த்துவிடும். இதற்குமுன் தொழிலாளர் பின்கட்டுவரை சென்று, கனத்த இரும்புத் தொட்டியைத் தோளில் ஏற்றித் தெருவுக்குச் சுமந்து வந்தனர். உடைந்த கண்ணாடியால் கை கிழிபட்டோரும் முதுகு நொந்தோரும் அவருள் பலர். அவ்வருத்தத்தைச் சக்கரம் பெரிதும் தீர்த்தது. இது பெரும்பேறே, ஐயமில்லை.

ஆயினும் ஒன்று கருதுக. தொழிலாளி பின்கட்டுக்கு வருவது நின்றது. வீட்டாரே தொட்டியைத் தெருவோரத்திற்குக் கொணரவேண்டியவர் ஆயினர். வரிசை வீடுகளிற் பலவற்றிற்குப் பின்கட்டிலிருந்து தெருவிற்கு வர வீட்டினூடன்றி வேறு வழியில்லை. அழுக்குத் தொட்டியை வரவேற்பறை வழியே வாரந்தோறும் உருட்டிச் செல்ல யார் ஒருப்படுவர்? ஆதலால் பின்கட்டிலிருந்த தொட்டி முன்றிலுக்குக் குடிபெயர்ந்தது. தெருக்கள் தொட்டிமயமானதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் தொட்டிகளின் தொகை பெருகியது. குப்பையை நிலத்திற் புதைத்தல் மண்ணையும் நீரையும் கெடுக்கும். அழுகுபொருளினின்றும் மீத்தேன் வாயு எழுந்து காற்றையும் கெடுக்கும். எனவே 1996-ஆம் ஆண்டு அக்டோபரில் புதைக்கும் குப்பைக்கு வரி விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு 7 பவுனாயிருந்த பொதுவரி, 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் 126.15 பவுனாக உயர்ந்தது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளையும் புதைப்பதைக் குறைக்குமாறு நெருக்கிற்று. 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மறுபடி பயன்படும் பொருள்களுள் இரண்டு வகையையேனும் 2010-இறுதிக்குள் வீடுகளிலிருந்து தனியே பெறுமாறு இங்கிலாந்தின் நகரசபைகளைப் பணித்தது. 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழற் சட்டத்தைத் தழுவி எழுந்த விதிகளோ, எஞ்சிய குப்பை, உணவுக் கழிவு, காகிதமும் அட்டையும், பிற உலர்பொருள் என நால்வகையாகப் பிரிப்பதை 2026-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் முதல் வீடுகளுக்குப் பொதுமுறையாக்கின. விதி ஒவ்வொன்றும் நன்னோக்கமுடையதே. ஆனால் விதி ஒன்று வருந்தோறும் கலம் ஒன்றும் உடன் வந்தது. மேலும், பல நகரசபைகள் வாரம் ஒருமுறை வந்ததை மாற்றி, எஞ்சிய குப்பைக்கு இருவாரத்திற்கு ஒருமுறையே வருகின்றன. அதனால் பெருந்தொட்டியே வேண்டியதாயிற்று.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 240 லிட்டர் கொள்ளும் தொட்டியின் அகலம் ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். உயரம் 107 சென்டிமீட்டர். மூன்று தொட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 174 சென்டிமீட்டர், அஃதாவது 5 அடி 8 அங்குலத்துக்கு மேல் ஆகும். வீட்டின் முகப்பு 15 அடியாயின், அதில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் தொட்டிகளுக்கே போயிற்று. வாயிலுக்கும் சாளரத்திற்கும் மிஞ்சுவது யாது? வீட்டைப் பிரித்துப் பல குடும்பங்களுக்கோ மாணவர்களுக்கோ குடக்கூலிக்கு விட்டிருப்பின், நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. குடிகள் பெருகத் தொட்டிகளும் பெருகும். முன்றிலோ ஒரு விரற்கடையும் வளராது.

இதனால் வரும் கேடு கண்ணுக்கு மட்டுமன்று. அழகு குன்றியது என்பது பொறுக்கத்தக்க குறை. நடைபாதையை அடைத்துக்கொண்டு தொட்டி நின்றால் வலிய காலுடையோன் சற்றே விலகிச் செல்வான். சக்கர நாற்காலியில் வருவோர் எங்ஙனம் விலகுவர்? குழந்தை வண்டியைத் தள்ளிவரும் தாய், ஊர்திகள் விரையும் சாலையில் அன்றோ இறங்கவேண்டும்? பார்வையற்றோர் கோலால் தடவி நேற்று வழியாக அறிந்த இடம் இன்று சுவராக நிற்கின்றது. 2007-இல் வெளியான தெரு அமைப்பு நெறிநூல் இவ்விடர்களை வெளிப்படையாகவே எடுத்துக் கூறிற்று. 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், எத்துணைத் தொட்டி, எவ்வகைத் தொட்டி என்று வரையறுக்கும் அதிகாரத்தை நகரசபைக்குத் தந்தபொழுது, பொதுப் பாதையில் தொட்டியை வைக்கச் சொல்வதாயின் பாதைக்குரிய அதிகாரிகளின் இசைவைப் பெறுக என்று ஒரு கட்டு விதித்தது. பாதை நடப்போருடையது என்னும் கொள்கை அச்சட்டத்தின் உள்ளே இருந்தது. தெருவிற்றான் அது காணப்படவில்லை.

ஆகவே தொட்டியைப் பழித்தல் முறையன்று. அது தொழிலாளியின் முதுகைக் காத்தது. நிலத்தையும் நீரையும் காக்கத் துணைநின்றது. குறை யாதெனின், கலத்தைத் தந்தவர்கள் அதற்கு இடத்தைத் தரவில்லை என்பதே. விருந்தினரை அழைத்துவிட்டு அமரப் பாய் விரியாத வீட்டை ஒத்தது இது. நிலக்கரிக் காலத்தில் கட்டப்பட்ட வீட்டினிடம், நால்வகைப் பிரிவினைக் காலத்தின் கலங்களைத் தாங்குமாறு கேட்கிறோம். வீடு விடையிறுக்க வழியின்றித் தெருவை நோக்குகின்றது.

இடம் தரும் வழிகள் இல்லாமற் போகவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இங்கிலாந்தின் கட்டட விதிகளைச் சார்ந்த வழிகாட்டு நூல், குப்பைக்கென ஓரிடம் வகுக்குமாறும், குடியிருப்போர் குப்பையைச் சுமக்கும் தூரம் 30 மீட்டருக்கு மேற்படாதவாறும், அவ்விடம் லாரி எடுக்கும் இடத்திலிருந்து 25 மீட்டருக்குள் அமையுமாறும் கூறுகின்றது. கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகம் அமைத்த எடிங்டன் என்னும் புதுக்குடியிருப்பில் தொட்டிகள் நிலத்தின் கீழ் உள்ளன; வாய் மட்டுமே வெளியே தெரியும். ஆம்ஸ்டர்டாம் நகரில் இம்முறை பரவலாகக் காணப்படுகின்றது. மாடிக் குடியிருப்பு மிகுந்த எடின்பரோவில் பல வீட்டார்க்கும் பொதுவான பெருந்தொட்டிகள் தெருவில் வைக்கப்பட்டுள்ளன. வேல்ஸ் நாட்டின் சில பகுதிகளில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு சக்கரவண்டி தரப்படுகின்றது. மூன்று கலங்கள் ஒரு கலத்தின் இடத்திலேயே நிற்கும்.

ஆனால் இவை யாவும் எல்லா ஊருக்கும் ஒவ்வா. பழைய தெருவின் கீழே நீர்க்குழாயும் மின்கம்பியும் நெருங்கியிருப்பதால் குழி தோண்டுதல் அரிது. பொதுத் தொட்டியோ, எல்லாருக்கும் உரியதாதலின் ஒருவரும் பேணாததாகிவிடுதலும் உண்டு. ஆதலின் அந்தந்தத் தெருவின் அளவை அறிந்து, வீட்டாரைக் கலந்து, ஏற்ற முறையை மேற்கொள்வதே அறிவுடைமை. பழைய வரிசை வீடுகளில் சிறு தொட்டியும் அடுக்குப் பெட்டியும் வேலிச்செடி மறைப்புமே தக்கனவாகலாம்.

எஞ்சிய கடமை வீட்டாருடையது. எடுக்கும் நாளில் வெளியே வைத்து, லாரி சென்றபின் உள்ளே கொண்டுசெல்லல் ஒரு சிறு செயல். அச்சிறு செயலைப் பலரும் செய்யாதபொழுதே வாரம் முழுவதும் நடைபாதை அடைபடுகின்றது. முதியோருக்கும் உடற்குறையுடையோருக்கும் நகரசபைத் தொழிலாளரே வந்து தொட்டியை எடுத்துத் திரும்ப வைக்கும் உதவி பல ஊர்களில் உண்டு. மற்றையோர்க்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. மேற்படிப்பின்பொருட்டு அந்நாடு செல்லும் நம் மாணவர் பெரும்பாலும் இத்தகைய வரிசை வீடுகளிலேயே குடக்கூலிக்கு அமர்வர். எந்நிறத் தொட்டி எந்நாளில் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டறிந்து நடப்பாராயின், அயலார் நட்பைப் பெற அதுவே நல்ல வாயிலாகும்.

முடிவாக ஒன்று கூறுவேன். ஓர் ஊரின் தூய்மையை வீட்டினின்றும் வெளியேறிய குப்பையின் அளவைக்கொண்டு மட்டும் மதித்தல் ஆகாது. கண்ணில்லாத ஒருவர் காலையில் அத்தெருவின் ஒருமுனை தொடங்கி மறுமுனைவரை தடையின்றி நடந்துபோக முடிகின்றதா என்பதையும் கேட்டல் வேண்டும். முடியுமாயின் அவ்வூர் தூயது.