காலாண்டு லீவு வருகிறது... உஷார்!

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு லீவு விடுவார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிப்பதும் அதே நாட்களில்தான். ஆலையில் ஆள் பற்றாது. வீட்டிலோ பதினேழு வயதுப் பையன் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "சும்மாதானே இருக்கான், ஒரு பத்து நாள் அனுப்பி வை. டியூஷன் ஃபீசாவது தேறும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவரே வருடக்கணக்காக அங்கே திரி வைக்கிறவர்தான். தெரிந்தவர் வாயிலிருந்து வருவதால்தான் இதில் யாருக்கும் பயம் தட்டுவதில்லை. உஷாராக வேண்டிய இடம் இதுதான்.

படிக்கிற பிள்ளை வேலையே பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடையில் நின்று கணக்குப் படித்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. விருதுநகரில் பிறந்த காமராஜரே சின்ன வயதில் படிப்பு நின்று மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றவர். அதைப் பெருமையாகச் சொல்லிப் பிள்ளையை வேலைக்கு விரட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து மதியச் சோறும் போட்டார் என்பது மட்டும் அவர்களுக்கு ஏனோ மறந்துபோகிறது.

எந்த வேலை, எத்தனை மணி நேரம், எந்த வயதில் என்பதுதான் கேள்வி. பட்டாசு என்றால் பதில் ஒன்றே ஒன்று: 18 முடியாமல் ஆலை வாசலை மிதிக்கக் கூடாது.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. சுரங்கம், தீப்பற்றும் பொருள், வெடிபொருள், அபாயகரமான தொழில்கள் எதிலும் அவர்களை அமர்த்தக் கூடாது. மீறினால் வேலை கொடுத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெற்றோருக்கு முதல் தடவை மன்னிப்பு உண்டு. மறுபடியும் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

"பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சிருச்சு, இனி அவன் பெரிய பையன்தானே" என்று நினைக்கிற வீடுகள் ஏராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, மார்ச் மாதம் பிளஸ் டூ எழுதும்போது பெரும்பாலும் 18-ஐத் தொட்டிருக்காது. பரீட்சைக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஏப்ரல், மே மாதங்கள்தான் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிற மாதங்கள். அக்னி வெயில் அடிப்பதும் அப்போதுதான். வெடிமருந்துக்கும் வெயிலுக்கும் ஆகவே ஆகாது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த சமாதானம் ஒன்று இருக்கிறது: "மருந்துப் பக்கமே விட மாட்டோம்க்கா, பேக்கிங் மட்டும்தான்." இது இன்று நேற்று வந்த பேச்சில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே 1990 அக்டோபரில், உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளி என்றால் பிள்ளைகளைப் பேக்கிங்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பின் தொனியே வேறு. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்று அது உத்தரவிட்டது. இன்றைய சட்டத்தில் பேக்கிங் என்ற ஓட்டையே கிடையாது. ஆனால் அந்தப் பழைய வார்த்தை மட்டும் ஊருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேக்கிங் எவ்வளவு பத்திரம் என்று கேட்பவர்கள் 2023 அக்டோபர் 17-ஐ நினைத்துப் பார்க்கட்டும். சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போட்டுக்கொண்டிருந்த இடம் தீப்பிடித்தது. பக்கத்தில் மாதிரிப் பட்டாசு வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறிதான் காரணம் என்று செய்தி வந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கையில் மருந்து இல்லை, பெட்டிதான் இருந்தது.

இன்னொரு தேதி, 2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரி மாணவி. படிப்புச் செலவுக்காக வேலைக்குப் போனவர். வயதுக் கணக்கில் அவர் பெரியவர்தான், ஆலை வேலைக்குச் சட்டத்தடை இல்லாதவர். ஆனாலும் ஃபீஸ் கட்டப் போன பெண். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான் உள்குத்தகை என்ற சொல் வெளியூர்க்காரர்கள் காதிலும் விழுந்தது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் கைமாறி வேறு யார் யாரிடமோ இருக்கும். லீவுக்கு வந்த பையனை அங்கே யார் ரிஜிஸ்டரில் ஏற்றப்போகிறார்கள்?

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வயது குறைந்த பிள்ளையைச் சட்டப்படி எழுத முடியாது. அதனால் ஒன்று, பெயரே ஏறாது. அல்லது "அண்ணன் ஆதாரை எடுத்துட்டு வா" என்பார்கள். ஈ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால், அங்கே வேலை பார்த்தவன் இவன்தான் என்று நிரூபிக்கவே பெற்றவர்கள் படியேறி இறங்க வேண்டும். அடுத்தவர் ஆதாரைக் கேட்கிற வேலை எதுவானாலும், அந்த நிமிடமே திரும்பி வந்துவிடுங்கள்.

உள்ளே போகிற பதினேழு வயதுப் பையனைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பாலியஸ்டர் ஜெர்சி, டிராக் பேன்ட், பாக்கெட்டில் செல்போன். ஆலைக்குள் செல்போன் கூடாது. உடம்பில் பருத்தித் துணிதான் இருக்க வேண்டும், ஏனென்றால் செயற்கை இழை உரசினால் மின்பொறி கிளம்பும். அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து கலப்பது வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் ராத்திரியெல்லாம் ஈரம் பட்டு, மறுநாள் கை வைத்ததும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அலுமினியப் பொடி விரல் இடுக்கில் வெள்ளியாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் லேசில் போகாது. இதையெல்லாம் வருடக்கணக்கில் பழகிய கைகளே தவறுகிற இடம் அது. பத்து நாள் வந்துபோகிறவனுக்கு யார் உட்கார்ந்து பாடம் எடுக்கப்போகிறார்கள்? பதினேழு வயதுக்கு அவசரம் அதிகம். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் இன்னும் அவசரம்.

ஆலைதான் ஆபத்து, வீட்டில் செய்தால் பரவாயில்லை என்று நினைத்து வீட்டுக்குள் பட்டாசுக்குக் கருந்திரி சுற்றுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டு வேலையில் பெற்றோருக்குப் பிள்ளை உதவலாம் என்று சட்டம் விடுகிற சலுகை, ஆபத்தான தொழிலுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஓடு போட்ட வீட்டில் கேஸ் அடுப்புக்கும் திரிக்கும் நடுவே எட்டடி இருந்தாலே அதிகம்.

வெடிக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து நாள் முடிந்து கையில் ஐநூறு ரூபாய் நோட்டுகளாக வந்ததும், பையன் பைக்குக்கு டியூ கட்டக் கணக்குப் போடுவான். லீவு முடிந்து பள்ளி திறக்கும். "தீபாவளி வரைக்கும் வாடா, போனஸ் சேர்த்து வாங்கிக்கலாம்" என்பார்கள். அப்பா ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருந்தால் பேச்சே இல்லை. தீபாவளி முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது இயற்பியலில் மூன்று பாடம் ஓடியிருக்கும், அரையாண்டு வாசலில் நிற்கும். மார்ச்சில் ஒரு பாடம் போகும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாட்களில் அவன் ஆலை வண்டியில் இருப்பான். பிளஸ் டூ தேர்ச்சியில் 2017, 2018 என்று அடுத்தடுத்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமைப் பட்டியல் பரீட்சை எழுதியவர்களைத்தான் எண்ணும். எழுத வராதவன் அதில் தெரியவே மாட்டான்.

சரி, பட்டாசு வேண்டாம், வேறு வேலை? போகலாம். ஆனால் அதற்கும் அளவு உண்டு. வளரிளம் பருவத்தினருக்கு இடைவேளையும் காத்திருப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கூடாது, ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் விருதுநகர் எண்ணெய் பரோட்டாக் கடையில் ராத்திரி பதினொன்று வரை இலை எடுப்பது அடிபட்டுப் போகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவதும் அப்படித்தான்: முகூர்த்தத்துக்கு விடிய மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு நோட்டும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழுகிற பையன்கள் எத்தனை பேர்! சிவகாசியில் காலண்டர், டைரி சீசனும் இதே மாதங்களில்தான். அச்சகத்தில் எண்ணி அடுக்குவது வேறு, கட்டிங் மிஷினில் கை கொடுப்பது வேறு. கத்தி இறங்குகிற எந்த மிஷின் பக்கமும் பிள்ளையை நிறுத்தக் கூடாது. பகலில் ஜவுளிக்கடை, புத்தகக்கடை, டி.டி.பி. சென்டர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. டைப் அடிக்கப் பழகினால் கூலியை விட அதுதான் லாபம்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வருவதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்கல்விப் பிரிவு பிள்ளைகளுக்குப் பள்ளியே ஏற்பாடு செய்கிற உள்ளுறைப் பயிற்சி இருக்கிறது. அதில் ஆசிரியர் கண் இருக்கும். முறையான அப்ரெண்டிஸ் பயிற்சிக்குக்கூட 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 14 வயது. ஆபத்தான தொழில் என்றால் 18. ஆகவே "டிரெயினிங்தான், வேலை இல்லை" என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆலைக்குள் கூட்டிப்போக முடியாது. பணம் கட்டினால் சர்டிஃபிகேட் என்பவரிடம் பேச்சே வேண்டாம். டெலிகிராமில் "வீட்டிலிருந்தே தினம் இரண்டாயிரம்" என்று வருவது மோசடி. "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு, கமிஷன் தர்றேன்" என்பது அதைவிட மோசம். கடைசியில் போலீஸ் தேடி வருவது பிள்ளையின் பெயரைத்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

பணமுடைதான் காரணம் என்றால், ஆலைக்கு முன்னால் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போனால் கட்டணத்தை அரசே கட்டும். பெற்றோர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் கல்வி உதவித்தொகை தனி. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்படுகிற மாவட்டமாக இருக்கிறோமே என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஏற்கெனவே பிள்ளை போய்க்கொண்டிருக்கிறதா? நாளைக்கே நிறுத்துங்கள். கூலி பாக்கி போனால் போகட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போவது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். வாங்கிய கடனுக்காக ஆளை வேலையில் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மிரட்டினால் திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனு எழுத வெளியே ஆள் தேட வேண்டாம், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டிலேயே இருக்கிறதே.