கறுப்பை அளக்கும் காமிரா

கணினித் திரை வாங்கப் போகிறவரின் கண்ணை முதலில் பறிப்பது, அட்டைப்பெட்டியின் மேல் பத்து லட்சத்துக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று என்று பிரமாண்டமாக அச்சிடப்பட்டிருக்கும் கான்ட்ராஸ்ட் விகிதம். திரை முழுவதும் வெள்ளையாக இருக்கையில் வீசும் பிரகாசத்தை, முழுவதும் கறுப்பாக இருக்கையில் கசியும் பிரகாசத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கோடிக் கணக்கு, படம் இருண்டவுடன் பின்விளக்கையே தணித்துவிட்டு எடுத்த அளவாகவே பெரும்பாலும் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரே காட்சியில் அருகருகே நிற்கும்போது அதற்கு யாதொரு அர்த்தமும் இல்லை. விளக்கைத் தணிக்காமல் அளந்தால், எல்.சி.டி. திரைகளில் ஐ.பி.எஸ். வகைத் திரைகள் சுமார் 1000-க்கு 1 என்றும், வி.ஏ. வகைத் திரைகள் சுமார் 3000-க்கு 1 என்றும் தம் சுயரூபத்தைக் காட்டிவிடுகின்றன.

எல்.சி.டி. திரையின் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்க, முன்னால் நிற்கும் திரவப் படிகம் ஒளியை வழிவிடுவதும் மறிப்பதுமாக இருக்கிறது. அந்த மறிப்பு ஒருபோதும் பூரணமாவதில்லை. வெள்ளையில் சதுர மீட்டருக்கு 200 கேண்டெலா வீசும் திரை, கறுப்பில் 0.2 கேண்டெலா கசியவிட்டால் விகிதம் 1000. இந்த 0.2-ஐப் பிழையின்றிச் சொல்லவல்ல மானிகள் சாமானியர் வாங்கும் விலையில் எளிதில் கிடைப்பதில்லை; மலிவான ஒளிமானிகளோ அந்த மங்கலில் தடுமாறுகின்றன.

மானிக்குப் பதிலாகக் காமிராவையே பயன்படுத்தலாம். காமிராவுக்குக் கேண்டெலா என்ற அலகு தெரியாது; விகிதத்துக்கு அலகு கிடையாதாகையால், தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாய்க்கால் நீரில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம், சொட்டு நீரில் அதே குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்து இரண்டின் வரத்தையும் ஒப்பிடுவதுபோல, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் காமிராவின் சென்சாரில் சம அளவு ஒளியை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரங்களை ஒப்பிட்டால் போதும். இருண்ட அறையில், ஸ்டாண்டின் மேல், திரையின் நடுவுக்கு நேர் எதிரே காமிராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வையும் துவாரத்தையும் ஒரே நிலையில் வைத்து, ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். புள்ளிகளின் வரிசை படத்தில் அலையலையாகத் தெரியாதபடி ஃபோகஸைச் சற்றுக் கலைத்துவிடுவது நலம்.

இவ்விடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஷட்டரில் 1/60 என்று காண்பது பல காமிராக்களில் உண்மையில் 1/64 விநாடி. 15 என்று காண்பது 16 விநாடி. வெள்ளைக்கு முன்னதும் கறுப்புக்குப் பின்னதும் வைத்துச் சம அளவு கிடைத்ததென்றால், காமிரா காட்டும் எண்களை நம்புகிறவர் 900 என்பார். மெய்யான விகிதம் 1024. வெள்ளைக்கு ஏன் இன்னும் விரைவான ஷட்டர் கூடாதென்றால், சில திரைகளின் பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படம் விளக்கு அணைந்த தருணத்தில் சிக்கிக்கொள்ளலாம். துவாரத்தைச் சுருக்கி நேரத்தை நீட்டுவதே உசிதம்.

படத்தை ஜே.பெக் வடிவில் எடுத்தால் பரீட்சை வீண். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று காமிரா அதன் ஒளி அளவுகளை வளைத்துவிடும். ரா வடிவில்தான் சென்சார் கண்ட எண்கள் நேர்விகிதத்தில் கிடைக்கும். அதிலும் ஒரு வில்லங்கம்: ஒளியே படாவிட்டாலும் பல காமிராக்கள் சூனியத்திலிருந்து எண்ணத் தொடங்குவதில்லை, 512 போன்ற ஓர் எண்ணை அடிப்படையாக வைத்து அதற்கு மேல்தான் கூட்டுகின்றன. ஆகவே லென்ஸை மூடிபோட்டு, அதே நேரத்துக்கு ஒரு படம் எடுத்து, அதன் சராசரியைக் கழித்த பிறகே வெள்ளை, கறுப்புப் படங்களின் அளவுகளை ஒப்பிட வேண்டும். நீண்ட நேரப் படத்தில் சென்சாரே உண்டாக்கும் பொய்யொளியும் இந்தக் கழித்தலில் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

சதுரங்கப் பலகைபோல் கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் கலந்த காட்சியை அளக்க முற்படுகிறவர் மேலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெள்ளைக் கட்டங்களின் ஒளி லென்ஸுக்குள் சிதறிக் கறுப்புக் கட்டங்களின் மேல் படிந்துவிடுவதால், வரும் எண் திரையைப் பற்றியதா லென்ஸைப் பற்றியதா என்றே சொல்ல முடியாமற் போகும். அப்போது ஒரு கறுப்புக் கட்டத்தின் மேல் ஒளிபுகாத கறுப்பு வெல்வெட் துண்டு ஒன்றை ஒட்டி, அந்த இடத்தில் படத்தில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறதோ அதை லென்ஸின் கணக்கில் எழுதிக் கழித்துவிட வேண்டியதுதான்.