உப்பைக் கழுவினால் அந்தூரியம் பூக்கும்

கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல்; இடையிலுள்ள ஒடுங்கிய மணல் துண்டில்தான் ஊர் முழுவதும். மாமரம் வைக்க நிலமில்லாத வீட்டிலும் விறாந்தையில் நாலைந்து சாடிகளுக்கு இடமிருக்கும். அந்த இடத்துக்கென்று ஆசையோடு வாங்கும் செடிகளில் ஒன்று அந்தூரியம்.

மலைநாட்டுப் பக்கமிருந்து வரும்போது அது பளபளவென்று பூத்திருக்கும். சில மாதங்களில் இலையோரம் கருகும், பூ சிறுக்கும், பிறகு பூப்பதே நின்றுவிடும். "நம்மட ஊர்ச் சூட்டுக்கு இது சரிவராது" என்று முடிவுகட்டிச் சாடியை ஒதுக்கிவிடுகிறோம். நிழலில் வைத்தால் சூட்டை அந்தூரியம் பெரும்பாலும் தாங்கும். கரையோர வீடுகளில் அதை வாட்டுவது உப்பு.

காட்டில் பிறந்த செடி

கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காடுகளே அந்தூரியத்தின் தாயகம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் எதுவார் அந்திரே 1876இல் கொலம்பியாவிலிருந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்த்தார். 1889இல் லண்டனிலிருந்து ஹவாய்க்குப் போய், அங்கே பெருந்தொழிலாக வளர்ந்தது.

இது சேம்பின் குடும்பம். சிவந்து விரிந்திருப்பது பூவைச் சூழ்ந்த மடல். பூக்கள் நடுவிலுள்ள கதிரில் நுணுக்கமாக நெருங்கியிருக்கின்றன. மடல் தடித்த இலை போன்றது என்பதால் வாரக்கணக்கில் வாடாது. ஒவ்வொரு புதிய இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். இலை தளிர்ப்பது நின்றால் பூவும் நிற்கும். ஆகவே பூவை விரும்புகிறவர் முதலில் இலையையும், இலைக்கு உணவூட்டும் வேரையும் காக்க வேண்டும்.

கிணறு சொல்லித்தந்த பாடம்

எங்கள் கரையோரத்தில் நன்னீர் என்பது மணலுக்கடியில், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. மாரி மழைதான் அதை நிரப்புகிறது. கோடையில் அதிகமாக இறைத்தால் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியபோது, திரும்பத் திரும்ப இறைத்தும் உப்பு உடனே போகவில்லை. அடுத்தடுத்த மாரிகளின் மழைதான் நிலத்தடி நீரைக் கழுவித் தந்தது.

சாடிக்கும் இதே வழிதான். உவர்க்கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றும்போது நீர் ஆவியாகிப் போக, உப்பு சாடியிலேயே தங்குகிறது. வேர் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும், இலையோரம் கருகும். அதைக் கண்டு இன்னும் நீர் ஊற்றுவோம். உப்பு இன்னும் கூடும். தொழுகைக்கு வுழூச் செய்த நீரை வீணாக்காமல் செடிகளுக்கு விடுவது நல்ல பழக்கம். கிணறு உவரென்றால் அந்த நீர் தென்னைக்கும் போகன்விலாவுக்கும் போகட்டும். அந்தூரியத்துக்கு மழைநீரே ஏற்றது.

அது எட்டாத பொருளல்ல. 10 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர் நீர் விழுகிறது. பத்துச் சாடிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் என்று பார்த்தால், ஒரு 200 லீற்றர் பீப்பாய் 80 நாட்களுக்குப் போதும். இரண்டு பீப்பாய் இருந்தால் கோடையில் கச்சான் காற்று வீசும் மாதங்களைக் கடந்துவிடலாம். கையிருப்பு குறைந்தால், குழாய் நீரை வாளியில் பிடித்து, ஓர் இரவு மூடாமல் வைத்திருந்து ஊற்றலாம்.

பீப்பாயை நுளம்பு புகாதபடி இறுக்கமாக மூட வேண்டும். சாடிக்கு அடியிலுள்ள தட்டை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். அதன் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

சாடியும் நிழலும்

காட்டில் இதன் வேர் மரக்கிளையிலும் உக்கிய இலையிலும் காற்றோட்டமாகப் படரும். வெறும் மணலோ இறுகிய மண்ணோ உதவாது. உரிமட்டைத் துண்டு, தும்புத்தூள், செங்கல் துண்டு, கரி ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் அதிகம். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்பே சாடிக்குள் போடுங்கள்.

நேர்வெயில் கூடாது; நிழல் வலையோ மரநிழலோ வேண்டும். மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். அப்போது கடற்பக்கம் மறைவு கொடுங்கள். கோடையில் கச்சான் வயற்பக்கமிருந்து வறட்சியாக வீசும். அப்போது மேற்குப் பக்கம் மறைவு வேண்டும். இரசாயன உரமும் ஒருவகை உப்பே. அல்பேர்ட் கரைசல் உரத்தைப் பொதியில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து விடுங்கள். மாதம் ஒருமுறை சாடியின் அடியால் வடியுமளவு மழைநீர் ஊற்றி உப்பைக் கழுவுங்கள்.

தண்டு உயர்ந்து வேர்கள் வெளியே தொங்கினால், வேருள்ள தலைப்பகுதியை வெட்டி வேறு சாடியில் நடலாம். அடிக்கட்டையில் பக்கக்கன்றுகள் வரும். ஒவ்வொரு செடிக்கும் பிறகு கத்தியைத் துடைத்துக் கிருமிநீக்குவது கட்டாயம். 1980களில் ஹவாய்த் தோட்டங்களை நாசமாக்கிய பக்டீரியாக் கருகல் நோய் கத்தியாலும் தெறிக்கும் நீராலும் பரவுவது. இலையோரத்தில் நீர்க்கசிவுபோல் புள்ளி தோன்றி மஞ்சளாகி விரிந்தால், அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் இருப்பதால், கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். சிறுபிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாரி தொடங்குமுன் கூரைப் பீலியைத் துப்புரவாக்கி, ஒரு பீப்பாயை வையுங்கள். கருகிய அந்தூரியம் வீட்டில் இருந்தால் வீசிவிடாதீர்கள். புதுக் கலவையில் மாற்றி, மழைநீர் மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது தளிர்த்துக் கன்று வைத்தால், முதற் கன்றை அயல்வீட்டுக்குக் கொடுங்கள். மழைநீர் சேர்க்கும் முறையையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.