சிறுதீயில் எரியும் பெரிய அடுப்பு

சூரியனை ஓர் அடுப்பாக வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். அடுப்பு என்றதும் வரும் முதல் கேள்வி, அதில் என்ன விறகு எரிகிறது என்பதுதான்.

19ஆம் நூற்றாண்டில் இதற்கு நிலக்கரிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சூரியன் முழுவதும் நிலக்கரி என்றால், இப்போது தருகிற சூட்டைத் தந்துகொண்டு சில ஆயிரம் ஆண்டுகள் எரியும். அதற்கப்புறம் வெறும் சாம்பல்தான். தன் எடையாலேயே சுருங்கிச் சுருங்கிச் சூரியன் சூடாகிறது என்று கெல்வின் பிரபு இன்னொரு கணக்குச் சொன்னார். அதில் சில கோடி ஆண்டுகள் கிடைத்தன. அதுவும் போதவில்லை, ஏனென்றால் பூமியிலுள்ள பாறைகளே அதைவிடப் பழசு. சூரியனுக்கு இப்போது வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்.

உண்மையான விறகு ஹைட்ரஜன். அதுவும் காற்றோடு சேர்ந்து எரிவதில்லை. சூரியனின் நடுவே சூடு சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுவின் கருக்கள் ஒன்றோடொன்று மோதி, படிப்படியாக நான்கு சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகின்றன. சேர்ந்த பிறகு எடை போட்டால் கொஞ்சம் குறைகிறது. 1,000 கிராம் ஹைட்ரஜன் போனால் 993 கிராம் ஹீலியம்தான் வருகிறது. மீதி 7 கிராம் எங்கே? அதுதான் சூடாகவும் வெளிச்சமாகவும் மாறிவிட்டது. எடை குறைவதில்தான் சூரியனின் ரகசியம் இருக்கிறது என்று 1920இல் ஆர்தர் எடிங்டன் சொன்னார். அது எந்தெந்தப் படியாக நடக்கிறது என்று 1930களின் கடைசியில் ஹான்ஸ் பெத்தே கணக்கிட்டுக் காட்டினார்.

ஏழு கிராம் என்பது ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை எடைதான். ஆனால் அந்த ஏழு கிராமிலிருந்து வரும் ஆற்றலை மின்சாரமாக எண்ணினால் சுமார் 17 கோடி யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடுகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஒரு வருடம் முழுக்க ஓடும். சூரியனில் இப்படி நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் எடை ஆற்றலாகிக் கரைந்து போகிறது.

இதைக் கேட்டதும் உள்ளே ஏதோ பயங்கரத் தீ கொழுந்துவிட்டு எரிவதாகத் தோன்றும். எனக்குப் பிடித்த இடமே இதுதான்: அப்படி இல்லை. சூரியனின் நட்டநடுவே ஐந்து லிட்டர் குக்கர் அளவுக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே தேங்கியிருக்கும் சூட்டைச் சொல்லவில்லை, ஒவ்வொரு நொடியும் புதிதாக எவ்வளவு சூடு உண்டாகிறது என்று மட்டும் பாருங்கள். ஒன்றரை வாட் அளவுக்குத்தான் வரும். சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற சின்ன எல்.இ.டி. விளக்குக்குத்தான் அது காணும். நம் வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரே 2,000 வாட்டுக்கு மேல் கொடுக்கிறது. அவ்வளவு ஏன், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடம்பு 100 வாட் அளவுக்குச் சூடு தருகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சூரியனைவிட நாம்தான் ஆயிரக்கணக்கான மடங்கு சூடு உண்டாக்குகிறோம்!

அப்புறம் எப்படி இவ்வளவு வெயில்? அளவுதான் காரணம். சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். வறட்டித் தணலில் பால் பானையை வைத்துவிட்டு வயலுக்குப் போய் வருவார்களே, அந்த மாதிரித் தணல்தான் இது. ஆனால் கோடானுகோடி தணல்கள் ஒரே இடத்தில்.

சரி, ஏன் இவ்வளவு மெதுவாக எரிகிறது? ஹைட்ரஜன் கரு என்பது ஒரு புரோட்டான்தான். அப்படி இரண்டு கருக்கள் மோதினால் மட்டும் போதாது. மோதுகிற அந்தக் கணத்திலேயே இரண்டில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறியாக வேண்டும். அது மிக மிக அபூர்வமாக நடக்கிற சங்கதி. ஒரு புரோட்டானுக்கு ஜோடி அமைய சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே விறகு ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதில்லை. ஹைட்ரஜன் குண்டு நொடிக்குள் வெடித்துத் தீர்ந்துபோகும். சூரியன் அப்படித் தீராமல் இருப்பதற்கு இந்த மந்தம்தான் காரணம்.

தீயைக் கூட்டிக் குறைக்க அங்கே ஆள் கிடையாது. அந்த வேலையைச் சூரியனின் எடையே பார்த்துக்கொள்கிறது, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே சூடு கொஞ்சம் ஏறினால் நடுப்பகுதி உப்புகிறது. உப்பினால் ஆறுகிறது, எரிவது குறைகிறது. குறைந்தால் மேலே இருக்கும் எடை மறுபடியும் அழுத்துகிறது, சூடு ஏறுகிறது.

அடுத்து, இந்தச் சூடு வெளியே வர வேண்டும். பாதி தூரத்துக்கும் மேல் வெளிச்சம் நேராகப் போக முடியாது. துகளில் பட்டு, திரும்பி, மறுபடி பட்டு, தட்டுத் தடுமாறி மேலேற பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். கடைசி முப்பது சதவீத தூரத்தில்தான் உலை கொதிக்கிறது. சூடான வாயு நடுவில் பொங்கி மேலே வந்து, ஆறி, ஓரமாகக் கீழே இறங்குகிறது, சோற்றுப் பானையில் அரிசி மேலும் கீழும் போவதைப் போல. தொலைநோக்கியில் இந்தக் கொதிப்பு மணிமணியாகத் தெரியும். ஒரு மணி சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம், அதாவது சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். பத்து நிமிடம் போல இருந்துவிட்டு மறைந்துவிடும். காந்த விசை இந்தக் கொதிப்பைத் தடுக்கிற இடங்கள் ஆறி, கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன. அந்தப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் நம் கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்துதான் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார்.

மேற்பரப்பை விட்டுக் கிளம்பிய வெளிச்சம் 15 கோடி கிலோமீட்டரைக் கடக்க 8 நிமிடம் 20 நொடி ஆகிறது. சூரியன் வாரி இறைப்பதில் பூமிக்குக் கிடைப்பது சுமார் 200 கோடியில் ஒரு பங்கு. அதிலேயே, உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1,000 வாட் அளவுக்கு விழுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பைப் பாதி வேகத்தில் ஓட்ட அது போதும். ஆனால் சோலார் பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். அரிசியும் பருப்பும் இலைகள் பிடித்துவைத்த வெயில். தூத்துக்குடி உப்பு, அளத்தில் கடல்நீரை வெயில் வற்றவைத்ததால் வந்தது. சிலிண்டரில் இருக்கும் கேஸ், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வெயிலை உண்டு வாழ்ந்த நுண்ணுயிர்களின் மிச்சம். மிக்ஸிக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலி நிலக்கரி உண்டு, அதுவும் பழைய மரங்கள் சேர்த்துவைத்த வெயில்தான். மேட்டூர் அணைநீரை மேகமாக மேலே ஏற்றியதும், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைச் சுற்றும் காற்றைக் கிளப்பிவிட்டதும் இதே அடுப்பு.

இந்தப் பட்டியலில் சேராத மின்சாரம் ஒன்று உண்டு. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் எரியும் யுரேனியம் நம் சூரியன் கொடுத்ததல்ல. அது, சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்கள் வெடித்தும் மோதியும் அழிந்தபோது உண்டானது.