கோப்பின் பெயரே தடையானால்?

பீளமேட்டில் உள்ள எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில், பிளஸ் டூ மாணவி ஒருத்தி ஊர்ப்பெயரின் எழுத்துகளைப் பைத்தானில் எண்ணினாள். ‘பீளமேடு’ என்பதற்கு 7 என வந்தது. லென் கட்டளை உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணும். சரியான விடை 4 பெற ஓப்பன்-தமிழ் நிரலகத்தை நிறுவினோம். அதில் ஆங்கில எழுத்தில் ‘தமிழ்’ எனப் பெயரிட்ட தொகுப்புக்குள் யுடிஎஃப்8 என்னும் மாட்யூல் உள்ளது.

இம்போர்ட் செய்ததும், ‘தமிழ்’ ஒரு தொகுப்பே இல்லை என்று பிழைச்செய்தி. மறுபடி நிறுவியும் பயனில்லை. “தமிழுக்கு இது ஒத்துவராது போலங்க மிஸ்” என்றாள்.

பிறகுதான் கவனித்தேன்: தன் நிரலையும் அதே பெயரில் சேமித்திருந்தாள். பைத்தான் முதலில் தேடுவது, இயங்கும் நிரல் இருக்கும் கோப்புறையில்தான். அங்கே கிடைத்தால் அதோடு நின்றுவிடும். கோப்பின் பெயரை மாற்றினோம், 4 வந்தது.

மாணவர்களே தொகுப்பு எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். புள்ளியிட்டு அருகிலுள்ள மாட்யூலை அழைக்கும் உள்கோப்பை நேரடியாக இயக்கினால், தன் தாய்த்தொகுப்பு எதுவென்று அதற்குத் தெரியாது. தொகுப்புக்கு ஒரு படி வெளியே வந்து, ‘-எம்’ சேர்த்து, தொகுப்பின் பெயரோடு இயக்கச் சொல்லுங்கள்.

மறுபடி நிறுவும் முன், கோப்பின் பெயரையும் எங்கிருந்து இயக்குகிறோம் என்பதையும் பாருங்கள்.